எழுதப்படாத மரபும் நிரந்தரச் சிறுபான்மையும்

அரசியலமைப்புச் சீர்திருத்தம் பற்றிய பேச்சு எழும் போதெல்லாம் நமது அரசியல் அரங்கில் தவறாமல் ஒலிக்கும் வாதம் ஒன்றுண்டு. பாராளுமன்ற ஆட்சிமுறையின் தாயகம் எனப்படும் பிரித்தானியாவுக்கே எழுதப்பட்ட அரசியலமைப்பு கிடையாது. அங்குள்ள மக்கள் உரிமைகளை அனுபவிக்கவில்லையா? அவ்வாறிருக்க, இங்கு மட்டும் ஒவ்வொன்றையும் எழுத்தில் கேட்டு நிற்பது ஏன் என்பதே அவ்வாதம். நல்லெண்ணம் இருந்தால் போதும், எழுத்து எதற்கு என்ற தொனியில் இது பெரும்பாலும் சிறுபான்மை மக்களை நோக்கியே முன்வைக்கப்படுகிறது.

இதனை உணர்ச்சிவசப்பட்டு நிராகரிப்பதிலும் பார்க்க, பிரித்தானியாவின் அரசியலமைப்பு உண்மையில் எவ்வாறு இயங்குகிறது, அது யாரைப் பாதுகாத்தது, யாரைக் கைவிட்டது என்பதை ஆராய்வதே பயனுடையதாகும்.

ஒரே ஆவணத்தில் அடங்காத சட்டம்

பிரித்தானியாவின் அரசியலமைப்பை "எழுதப்படாதது" என்று கூறுவது முழுமையாகச் சரியன்று. அதன் பெரும்பகுதி எழுத்தில்தான் இருக்கிறது. 1215 ஆம் ஆண்டின் மக்னா காட்டா, 1689 ஆம் ஆண்டின் உரிமைகள் சட்டம், 1707 ஆம் ஆண்டின் ஒன்றிணைப்புச் சட்டங்கள், 1911 மற்றும் 1949 ஆம் ஆண்டுகளின் பாராளுமன்றச் சட்டங்கள், 1998 ஆம் ஆண்டின் மனித உரிமைகள் சட்டம், உயர் நீதிமன்றத்தைத் தோற்றுவித்த 2005 ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சீர்திருத்தச் சட்டம் என அது பல நூற்றாண்டுகளில் சிதறிக் கிடக்கிறது. இவற்றுடன் நீதிமன்றத் தீர்ப்புகளும் சேர்கின்றன. அமைச்சர் ஒருவரின் கட்டளையை மட்டும் வைத்துக் கொண்டு அரச ஊழியர்கள் ஒருவரது வீட்டினுள் புகுந்து ஆவணங்களைக் கைப்பற்ற முடியாது, அதற்குச் சட்டத்தின் அதிகாரம் வேண்டும் என்று 1765 இல் அளிக்கப்பட்ட தீர்ப்பு அத்தகையது.

இவை அனைத்தையும் ஒரே ஆவணமாகத் தொகுத்து, ஏனைய சட்டங்களுக்கு மேலானது எனப் பிரகடனப்படுத்தவில்லை என்பதே பிரித்தானியாவின் தனித்தன்மை. நியூசிலாந்து, இஸ்ரேல் ஆகியனவும் இவ்வகையைச் சார்ந்தவையே. இதன் விளைவு பாரதூரமானது. அரசியலமைப்புச் சட்டமாயினும் சாதாரண சட்டமாயினும் பாராளுமன்றத்தின் சாதாரண பெரும்பான்மையால் மாற்றப்படலாம். எந்தச் சட்டத்தையும் ஆக்கவும் நீக்கவும் பாராளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று 1885 இல் பேராசிரியர் டைசி வகுத்துரைத்த கோட்பாடு இன்றும் அடித்தளமாக விளங்குகிறது.

இதற்கு அண்மைக்கால உதாரணம் ஒன்றைக் கூறலாம். பாராளுமன்றத்தை உரிய காலத்துக்கு முன்னர் கலைப்பதற்கு மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்களின் ஆதரவு வேண்டும் என 2011 இல் சட்டம் இயற்றப்பட்டது. 2019 இல் பிரதமர் பொரிஸ் ஜோன்சன் மூன்று தடவைகள் முயன்றும் அந்த ஆதரவைப் பெற முடியவில்லை. உடனே ஒருநாள் தேர்தலுக்கென மட்டும் தனிச் சட்டம் ஒன்று சாதாரண பெரும்பான்மையால் நிறைவேற்றப்பட்டது; அவ்வருடம் டிசம்பரில் தேர்தலும் நடந்தேறியது. 2022 இல் 2011 ஆம் ஆண்டுச் சட்டமே நீக்கப்பட்டது. மூன்றில் இரண்டு என்ற நிபந்தனையைச் சட்டப் புத்தகத்தில் எழுதினாலும் அதனைக் காத்து நிற்கும் மேலான சட்டம் எதுவும் அங்கில்லை.

மரபுகள் எவ்வாறு காக்கப்படுகின்றன?

சட்டத்துக்கு அப்பால் நிற்பவை மரபுகள். அரசாட்சியின் மையமான விடயங்கள் பலவும் இவற்றின் மீதே தங்கியுள்ளன. பிரதமர் பதவியை உருவாக்கிய சட்டம் ஒன்றில்லை. பாராளுமன்றம் நிறைவேற்றும் சட்டமூலத்துக்கு முடியின் ஒப்புதல் அவசியம். ஆயினும் 1708 இல் ஆன் மகாராணி மறுத்ததன் பின்னர் எந்த அரசரும் அரசியும் ஒப்புதல் அளிக்க மறுத்ததில்லை. பிரதமர் மக்கள் சபையைச் சார்ந்தவராக இருக்க வேண்டும் என்பதும் மரபே. 1963 இல் பிரதமராகத் தெரிவான ஹோம் பிரபு தமது பிரபுப் பட்டத்தைத் துறந்து, இடைத்தேர்தலில் போட்டியிட்டு மக்கள் சபைக்கு வந்தார். 1979 மார்ச் 28 ஆம் திகதி நம்பிக்கையில்லாப் பிரேரணை 311 இற்கு 310 என்ற ஒரேயொரு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியபோது பிரதமர் கலகன் தேர்தலுக்குச் சென்றார். அவரைக் கட்டாயப்படுத்தும் சட்டம் எதுவும் அப்போது இருக்கவில்லை.

நீதிமன்றத்தால் நடைமுறைப்படுத்த முடியாத ஒரு விதியை அதிகாரத்தில் உள்ளவர் ஏன் மதிக்க வேண்டும்? கனவான்களின் பண்பு என்று இதற்கு விளக்கம் கூறுவோர் உள்ளனர். அதனை விட உறுதியான காரணம் அரசியல் சுயநலமாகும். பிரித்தானியாவில் பழமைவாதக் கட்சியும் தொழிற்கட்சியும் மாறிமாறி ஆட்சிக்கு வருகின்றன. இன்று ஆளுங்கட்சி முறித்தெறியும் மரபை நாளை அதன் எதிரியும் முறிக்கலாம். எதிர்க்கட்சி ஆசனத்தில் தாமும் ஒருநாள் அமர வேண்டும் என்ற எண்ணமே கையை மடக்கி வைக்கிறது. இதற்குத் துணையாகப் பக்கச்சார்பற்ற நிர்வாக சேவையும், தமது தலைவரையே எதிர்க்கத் துணியும் பின்வரிசை உறுப்பினர்களும், விழிப்பான பத்திரிகைகளும் உள்ளன. 2022 ஜூலையில் பொரிஸ் ஜோன்சன் பதவி விலக நேர்ந்தது எந்த நீதிமன்றத்தின் ஆணையாலும் அன்று. அவரது நேர்மையில் நம்பிக்கை இழந்த 50 இற்கும் மேற்பட்டோர் அரசாங்கப் பதவிகளையும் கட்சிப் பதவிகளையும் துறந்து வெளியேறியதாலேயாகும்.

ஆகவே, எழுதப்படாத மரபின் உண்மையான காவலன் ஆட்சிமாற்றத்துக்கான வாய்ப்பே. இந்த வாய்ப்பு இல்லாத இடத்தில் மரபுக்கு என்ன நேர்கிறது என்பதே நமக்கு முக்கியமான கேள்வி.

மரபு வளைக்கப்படும் போது

மரபுகள் தேய்வதும் உண்டு. படையினரைப் போருக்கு அனுப்புவது முடியின் பெயரால் பிரதமர் செலுத்தும் அதிகாரமாகும். 2003 இல் ஈராக் போருக்கு முன்னர் மக்கள் சபையில் வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. 2013 இல் சிரியா மீதான தாக்குதலுக்கு ஆதரவு கோரிய பிரேரணை 285 இற்கு 272 எனத் தோற்கடிக்கப்பட்டபோது பிரதமர் டேவிட் கமரூன் அம்முடிவை ஏற்றுக் கொண்டார். புதிய மரபு பிறந்துவிட்டதாகவே பலரும் கருதினர். ஆனால் 2018 ஏப்ரலில் பிரதமர் தெரேசா மே முன்கூட்டிய வாக்கெடுப்பு இன்றியே சிரியா மீதான தாக்குதலில் பிரித்தானியாவை ஈடுபடுத்தினார். ஐந்து வருடங்களில் மரபு ஒன்று முளைத்து வாடியது.

2019 இல் நெருக்கடி நீதிமன்ற வாசலுக்கே வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறும் நாள் நெருங்கிக் கொண்டிருந்த வேளையில் பாராளுமன்றத்தை ஐந்து வாரங்களுக்கு ஒத்திவைக்குமாறு பிரதமர் ஜோன்சன் மகாராணிக்கு ஆலோசனை வழங்கினார். மரபின்படி மகாராணி அதனை ஏற்றுக் கொண்டார். பிரதமரைத் தடுக்கும் சட்டப்பிரிவு எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. எனினும் செப்டெம்பர் 24 ஆம் திகதி உயர் நீதிமன்றத்தின் 11 நீதியரசர்களும் ஏகமனதாக அந்த ஒத்திவைப்பு சட்டவிரோதமானது எனத் தீர்ப்பளித்தனர். அரசாங்கம் பாராளுமன்றத்துக்குப் பொறுப்புக்கூற வேண்டும் என்ற பழைய கோட்பாட்டிலிருந்தே அவர்கள் அம்முடிவை வந்தடைந்தனர்.

இதைக் கண்டு எழுதப்படாத அரசியலமைப்பும் நீதிமன்றத்தால் காக்கப்படும் என்று முடிவுகட்டுவது அவசரமாகும். அத்தீர்ப்பு பாராளுமன்றத்தை அரசாங்கத்திடமிருந்து காத்தது. பாராளுமன்றத்தின் பெரும்பான்மையிடமிருந்து பலவீனமானோரைக் காக்கும் வல்லமை அந்த நீதிமன்றத்துக்குக் கிடையாது. புகலிடக் கோரிக்கையாளரை ருவாண்டாவுக்கு அனுப்பும் திட்டம் சட்டவிரோதமானது, அந்நாடு அவர்களுக்குப் பாதுகாப்பானதன்று என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. 2024 ஏப்ரலில் ருவாண்டா பாதுகாப்பான நாடு எனப் பாராளுமன்றம் சட்டத்தின் மூலம் பிரகடனம் செய்தது. நீதிமன்றம் சாட்சியங்களை ஆராய்ந்து கண்ட முடிவைப் பெரும்பான்மை வாக்கு மாற்றி எழுதியது. அவ்வருடம் ஜூலையில் நடந்த தேர்தலில் ஆட்சி மாறியமையாலேயே அத்திட்டம் கைவிடப்பட்டது. மீண்டும் காத்தது ஆட்சிமாற்றமே.

ஸ்கொட்லாந்தின் அனுபவமும் இத்தகையதே. பகிரப்பட்ட விடயங்களில் ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றத்தின் இணக்கமின்றி லண்டன் சாதாரணமாகச் சட்டம் இயற்றாது என்ற மரபு 1998 இல் அறிவிக்கப்பட்டது. 2014 சர்வஜன வாக்கெடுப்பில் ஸ்கொட்லாந்து மக்கள் பிரித்தானியாவுடன் இணைந்திருக்கத் தீர்மானித்ததை அடுத்து, 2016 இல் அம்மரபு சட்டத்திலும் பொறிக்கப்பட்டது. ஆனால் "சாதாரணமாக" என்ற சொல்லுடனேயே பொறிக்கப்பட்டது. 2017 ஜனவரியில் உயர் நீதிமன்றம் இது அரசியல் மரபு மட்டுமே, நீதிமன்றத்தால் நடைமுறைப்படுத்தத் தக்கதன்று எனக் கூறிவிட்டது. 2020 ஜனவரியில் ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய மூன்றின் சட்டமன்றங்களும் இணக்கம் தர மறுத்த நிலையிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் உடன்படிக்கைக்கான சட்டம் நிறைவேற்றப்பட்டது. அதிகாரப் பகிர்வு பற்றிப் பேசும் நம்மவர்கள் அந்த ஒற்றைச் சொல்லை ஆழ்ந்து நோக்க வேண்டும்.

வட அயர்லாந்து தரும் பாடம்

ஆட்சிமாற்றத்துக்கான வாய்ப்பே இல்லாத இடம் பிரித்தானியாவிலும் இருந்தது. 1920 ஆம் ஆண்டின் அயர்லாந்து அரசாங்கச் சட்டத்தின் கீழ் வட அயர்லாந்துக்கெனத் தனிப் பாராளுமன்றம் 1921 இல் அமைக்கப்பட்டது. புரட்டஸ்தாந்தர் அங்கு பெரும்பான்மையினர், கத்தோலிக்கர் சிறுபான்மையினர். சமயத்தின் அடிப்படையில் பாரபட்சம் காட்டும் சட்டங்களை இயற்றலாகாது என்று அச்சட்டத்தின் 5 ஆவது பிரிவு தடைவிதித்திருந்தது. விகிதாசாரத் தேர்தல் முறையும் வழங்கப்பட்டிருந்தது. ஆனால் அந்தத் தேர்தல் முறையை 1929 இல் அங்குள்ள பெரும்பான்மை நீக்கிவிட்டது. 1921 முதல் 1972 வரை பதவி வகித்த ஆறு பிரதமர்களும் ஒரே கட்சியினர், பிரித்தானியாவுடனான இணைப்பை ஆதரித்த யூனியனிஸ்ட் கட்சியினர்.

லண்டன் பாராளுமன்றத்துக்குத் தலையிடும் அதிகாரம் சட்டத்தில் தெளிவாக இருந்தது. ஆயினும் வட அயர்லாந்துப் பாராளுமன்றத்திடம் ஒப்படைக்கப்பட்ட விடயங்களை இங்கு விவாதிப்பதில்லை என்ற மரபு, 1923 இல் சபாநாயகர் அளித்த தீர்ப்பினால் லண்டனில் நிலைபெற்றது. வீடமைப்பிலும் வேலைவாய்ப்பிலும் புறக்கணிப்பு, உள்ளூராட்சித் தேர்தலில் அனைவருக்கும் வாக்குரிமை இன்மை, கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழ்ந்த டெரி நகரிலேயே சிறுபான்மையான யூனியனிஸ்டுகள் நகர சபையைக் கைப்பற்றி வைத்திருக்கும் வகையில் வட்டார எல்லைகள் வகுக்கப்பட்டமை என முறைப்பாடுகள் குவிந்தன. அவற்றைக் கேட்க வேண்டிய சபை, மரபைக் காட்டிக் காதைப் பொத்திக் கொண்டது. பாதுகாப்புப் பிரிவு சட்டத்தில் இருந்தது. அதனை உயிர்ப்பிக்க வேண்டியவர்களின் கையை எழுதப்படாத மரபு கட்டிப் போட்டது.

1960 களின் பிற்பகுதியில் குடியியல் உரிமைகளுக்கான இயக்கம் வீதிக்கு வந்தது. 1972 ஜனவரி 30 ஆம் திகதி டெரியில் ஊர்வலம் சென்றோர் மீது இராணுவத்தினர் சுட்டதில் அன்றைய தினமே 13 பேர் கொல்லப்பட்டனர். மார்ச் மாதத்தில் பிரதமர் எட்வேர்ட் ஹீத் வட அயர்லாந்துப் பாராளுமன்றத்தை இடைநிறுத்தி நேரடி ஆட்சியை ஏற்படுத்தினார். மூன்று தசாப்தங்கள் நீடித்த மோதலில் 3,500 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இறுதியில் தீர்வு எதில் வந்தது? எழுத்தில்தான். 1998 ஏப்ரல் 10 ஆம் திகதி எட்டப்பட்ட பெரிய வெள்ளி உடன்படிக்கை, பிரித்தானியாவுக்கும் அயர்லாந்துக்கும் இடையிலான சர்வதேச ஒப்பந்தத்தின் ஆதரவுடன் சட்டமாக்கப்பட்டது. இரு சமூகங்களின் சார்பிலும் சம அதிகாரமுள்ள முதலமைச்சரும் பிரதி முதலமைச்சரும், கட்சிகளின் பலத்துக்கேற்ப அமைச்சுகளைப் பங்கிடும் கணிப்பு முறை, முக்கிய தீர்மானங்களுக்கு இரு சமூகங்களினதும் ஆதரவு என ஒவ்வொன்றும் வரிவரியாக எழுதப்பட்டன. தனக்கென ஓர் அரசியலமைப்பை எழுதிக் கொள்ளாத பிரித்தானியா, நிரந்தரச் சிறுபான்மை வாழும் இடத்தில் எழுதியே தீர வேண்டியிருந்தது. அந்த ஏற்பாடு குறையற்றது என்று கூறுவதற்கில்லை. 2017 முதல் 2020 வரையும், பின்னர் 2022 முதல் 2024 பெப்ரவரி வரையும் அங்கு அமைச்சரவை இயங்கவில்லை. ஆயினும் முடங்கிய அந்த ஆண்டுகளிலும் பழைய ஒற்றைச் சமூக ஆட்சி திரும்பி வரவில்லை.

நமக்குக் கிடைத்த பாதி எழுத்து

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்தபோது சோல்பரி அரசியலமைப்பு இவ்விரு வழிகளையும் கலந்து தந்தது. மகாதேசாதிபதியின் அதிகாரங்கள் பிரித்தானிய மரபுகளுக்கு அமையச் செலுத்தப்பட வேண்டும் என 4 ஆவது பிரிவு கூறியது. ஒரு சமூகத்துக்கோ சமயத்துக்கோ மட்டும் தடையோ சலுகையோ விதிக்கும் சட்டத்தை இயற்றலாகாது என 29 ஆவது பிரிவு கூறியது. வட அயர்லாந்தின் 5 ஆவது பிரிவுக்கு இது உறவுமுறை கொண்டது. மரபு தங்கி நிற்கும் ஆட்சிமாற்றம் இங்கும் நடந்தது. கட்சிகள் மாறிமாறி வந்தன. ஆனால் இனரீதியான பெரும்பான்மை எந்தத் தேர்தலிலும் மாறவில்லை.

விளைவை நாம் அறிவோம். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949 ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் மலையகத் தமிழரை வாக்கற்றோராக்கின. 29 ஆவது பிரிவு அதற்குத் தடையாகாது என்று 1953 இல் லண்டன் கோமறைக் கழகம் தீர்ப்பளித்தது. சிங்களம் மட்டும் சட்டத்தை எதிர்த்த கோடீஸ்வரன் வழக்கில், அச்சட்டம் 29 ஆவது பிரிவுக்கு முரணானதா என்ற கேள்வியைக் கோமறைக் கழகம் 1969 இல் இங்குள்ள நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. அக்கேள்விக்கு விடை கிடைக்கும் முன்னரே 1972 மே மாதத்தில் குடியரசு அரசியலமைப்பு வந்து 29 ஆவது பிரிவை இல்லாமற் செய்தது. வட அயர்லாந்தில் பெரும்பான்மை ஆட்சிக்கு முடிவு வந்த அதே வருடத்தில் இலங்கையில் அதற்கிருந்த கடைசித் தடையும் அகன்றது.

அதேவேளை, தெளிவாக எழுதப்பட்ட விதி காப்பாற்றிய நாளையும் நாம் கண்டோம். 2018 நவம்பரில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பாராளுமன்றத்தைக் கலைத்தபோது, நான்கரை வருடங்களுக்கு முன் கலைக்க முடியாது என 19 ஆவது திருத்தத்தில் எழுதப்பட்டிருந்தது. டிசம்பர் 13 ஆம் திகதி உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்கள் ஏகமனதாக அக்கலைப்பு சட்டவிரோதமானது எனத் தீர்ப்பளித்தனர்.

எழுத்து மட்டும் போதும் என்பதும் மாயையே. அடிப்படை உரிமைகள் அத்தியாயம் இருந்தும் 2020 ஏப்ரலில் கொவிட் தொற்றினால் இறந்தோரின் உடல்களை எரிப்பது கட்டாயமாக்கப்பட்டது. தகனத்தை எதிர்த்த மனுக்களை விசாரணைக்கு எடுக்காமலே 2020 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அடக்கம் செய்யும் உரிமை 2021 பெப்ரவரியில்தான் முஸ்லிம் மக்களுக்குத் திரும்பக் கிடைத்தது. 13 ஆவது திருத்தம் எழுத்தில் இருந்தும், 2017 இற்கும் 2019 இற்கும் இடையில் மாகாண சபைகளின் பதவிக்காலம் முடிவடைந்ததன் பின்னர் அவை ஆண்டுக் கணக்கில் தேர்தலின்றி ஆளுநர்களின் கையில் விடப்பட்டன.

2024 இல் ஆட்சிக்கு வந்த தேசிய மக்கள் சக்தி புதிய அரசியலமைப்பு ஒன்றைத் தருவதாக வாக்களித்தது. அம்முயற்சி எப்போது முன்னெடுக்கப்பட்டாலும் தமிழ், முஸ்லிம் பிரதிநிதிகள் ஒவ்வொரு வாசகத்தையும் மூன்று கேள்விகளால் உரசிப் பார்க்க வேண்டும். இதில் எது எழுதப்பட்டுள்ளது, எது நல்லெண்ணத்துக்கு விடப்பட்டுள்ளது? எழுதப்பட்டது மீறப்பட்டால் எந்த நீதிமன்றம் அதனை நடைமுறைப்படுத்தும்? பாதிக்கப்படும் சமூகத்தின் இணக்கமின்றி அதனை மாற்றும் வழி திறந்திருக்கிறதா?

பிரித்தானியாவுக்கே எழுதப்பட்ட அரசியலமைப்பு இல்லையே என்று இனி எவரேனும் கேட்பாராயின், அவரிடம் வட அயர்லாந்தை நினைவூட்டினால் போதும். மாறிமாறி ஆளும் வாய்ப்புள்ளோர் ஒருவரையொருவர் நம்பி மரபின்படி வாழலாம். ஒருபோதும் பெரும்பான்மையாக முடியாதோர் கேட்பது நம்பிக்கையின்மையால் எழுந்த கோரிக்கையன்று. பிரித்தானியா ஐம்பது வருடங்கள் தாமதித்துக் கற்றுக் கொண்ட பாடத்தையே அவர்கள் முன்கூட்டிக் கேட்கிறார்கள்.